பச்சைக் கற்பூரமும் பக்கவாதமும்

பெருமாள் கோயிலில் உள்ளங்கையில் ஊற்றும் தீர்த்தத்தில் குளுகுளுவென்று ஒரு வாசனை வருமே, பச்சைக் கற்பூரம்... அதற்கும் சீனாவில் பக்கவாத நோயாளிகளுக்கு டிரிப்ஸில் ஏற்றப்படும் ஒரு மருந்துக்கும் உறவு உண்டு. கேட்டால் வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் விஷயம் உண்மை. அந்த உறவு எதுவரை போகிறது, எங்கே அறுந்துவிடுகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

பழைய காலத்தில் பச்சைக் கற்பூரம் என்று கப்பலில் வந்து இறங்கியது, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு பெரிய மரத்தின் உள்ளே படிந்து கிடந்த வெள்ளைப் படிகம். சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பாருஸ் இந்தச் சரக்குக்கே பேர்போன துறைமுகம். அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். (கற்பூர வாசனையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் என்று சொன்னால் பெரிய தப்பில்லை!) அந்தப் படிகத்தின் முக்கியப் பொருளுக்கு வேதியியலில் போர்னியால் என்று பெயர். தீபாராதனைத் தட்டில் எரிகிற சூடம் வேறு, அது கேம்ஃபர். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் ஒரே ஆள் கிடையாது. இன்று கடையில் பச்சைக் கற்பூரம் என்று சின்ன டப்பாவில் கிடைப்பதில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்பது தயாரித்தவருக்குத்தான் வெளிச்சம்.

சீனர்கள் இதே போர்னியாலைப் 'பிங்பியன்' என்கிறார்கள். பனித் துண்டு என்று அர்த்தம். மயங்கி விழுந்தவர்களை எழுப்பும் பழைய மருந்து உருண்டைகளில் இது சேரும். மற்ற மருந்துகளைத் தலைக்குக் கூட்டிக்கொண்டு போகும் தூதுவன் என்பது அவர்களுடைய பழைய வைத்திய நம்பிக்கை. இதுவரைக்கும் இது ஒரு பாரம்பரியப் பெருமை, அவ்வளவுதான். எல்லா நாட்டிலும் இப்படிப் பத்துப் பெருமை இருக்கும். வித்தியாசம் அடுத்து அவர்கள் செய்த காரியத்தில் இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முன் பக்கவாதத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும். பெரும்பாலான பக்கவாதம் ஒரு ரத்தக் கட்டியால் வருவது. மூளைக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட இடத்தில் செல்கள் சில நிமிடங்களில் சாக ஆரம்பிக்கின்றன. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் போகும் என்று 2006-ல் ஒரு கணக்கு வந்தது. இது முதல் அடி. பலரும் இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டாவது அடி மெதுவாக, சில மணி நேரத்திலிருந்து பல நாட்கள் வரை விழுகிறது. செத்த செல்களிலிருந்து கசியும் பொருட்களைப் பார்த்து, மூளையின் காவல்கார செல்களான மைக்ரோகிளியா விழித்துக்கொள்கின்றன. டி.என்.எஃப், இன்டர்லூகின்-1 என்ற அபாயச் சங்குகளை ஊதுகின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு தளர்கிறது. வெள்ளை அணுக்கள் கும்பலாக உள்ளே நுழைகின்றன. நீர் கோர்க்கிறது. மண்டையோடு எலும்பு; வீங்க இடம் கிடையாது. சுற்றிலும் பிழைத்திருக்க வேண்டிய செல்களும் நசுங்குகின்றன. இதற்குத்தான் அழற்சி என்று பெயர்.

அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. வெள்ளை அணுக்கள் உள்ளே வருவதைத் தடுக்க என்லிமோமாப் என்ற எதிர்ப்புப் புரதத்தை 625 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2001-ல் வெளியானது. மருந்து வாங்கியவர்களில் 22.2 சதவீதம் பேர் இறந்தார்கள். போலி மருந்து வாங்கியவர்களில் 16.2 சதவீதம். தடுக்கப் போய் உபத்திரவம் கூடிவிட்டது! அந்தப் புரதம் எலியிலிருந்து எடுக்கப்பட்டது, அதற்கு எதிராகவே மனித உடம்பு கொந்தளித்திருக்கலாம் என்பது பிறகு சொன்ன விளக்கம். அது ஒரு பக்கம். அழற்சி வில்லன் மட்டும் இல்லை என்பது இன்னொரு பக்கம். அதே காவல்கார செல்கள்தான் சில நாட்கள் கழித்துக் குப்பையைக் கூட்டுகின்றன, பழுது பார்க்கிற வேலையையும் தொடங்கி வைக்கின்றன. எப்போது அடக்குவது, எப்போது விட்டுவிடுவது என்பது இன்றும் தீராத கேள்வி. 'அழற்சியைக் குறைக்கும்' என்று லேபிளில் போட்டுவிட்டால் அது தானாகவே நல்ல மருந்து ஆகிவிடாது.

இந்த இடத்தில்தான் செடிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மஞ்சளின் குர்குமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், வெங்காயத்தின் குவெர்செடின், வல்லாரையின் ஏசியாட்டிக் அமிலம்... எலியின் மூளையில் இவை எல்லாம் பாஸ். எந்தச் செடியின் பெயரைப் போட்டுத் தேடினாலும், எலிக்குப் பக்கவாதம் வரவழைத்து, மருந்து கொடுத்து, செத்துப்போன பகுதி சுருங்கியது என்று காட்டும் ஒரு கட்டுரை கிடைத்துவிடும். ஆனால் எலிக்குக் கிடைத்த பாஸ் மார்க்கை வைத்து மனிதனுக்கு அட்மிஷன் போட முடியாது என்பதை 2006-ல் ஓர் ஆஸ்திரேலியக் குழு எண்ணியே காட்டிவிட்டது. பக்கவாதத்துக்காக அதுவரை ஆராயப்பட்ட சிகிச்சைகள் 1,026. அவற்றில் மனிதர்கள் வரை வந்தவை 114. கட்டியைக் கரைப்பதும் ஆஸ்பிரினும் போன்ற விரல் விட்டு எண்ணக்கூடியவைதான் கடைசியில் தேறின.

ஏன் இப்படி? காரணம் ரொம்ப சாதாரணம். ஆய்வுக்கூட எலி பெரும்பாலும் இளசு, ஆண், ஆரோக்கியமானது. அதன் மூளைக் குழாயை ஒரு நூல் விட்டு அடைத்து, குறித்த நேரத்தில் உருவி விடுகிறார்கள். மருந்தைப் பல சமயம் அடைப்புக்கு முன்பே, இல்லாவிட்டால் உடனேயே, வயிற்றில் ஊசியாகப் போட்டுவிடுகிறார்கள். மனிதருக்கு வயது அறுபத்தைந்து, சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே பாதி நாள் ஆகிவிட்டது. பக்கவாதம் வருவதற்கு முந்தின நாள் மருந்து சாப்பிட எந்த மனிதனுக்குத் தெரியும்?

சரி, போர்னியாலுக்கு வரலாம். ஜப்பானில் எடாரவோன் என்ற மருந்து 2001 முதல் பக்கவாதத்துக்குப் புழக்கத்தில் இருக்கிறது. இது செடி சரக்கு கிடையாது, ஆய்வுக்கூடத்தில் செய்தது. சீனாவில் இதனோடு போர்னியாலின் ஒரு வடிவமான டெக்ஸ்போர்னியாலை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்த்து ஊசி மருந்தாக்கினார்கள். அழற்சிச் சங்குகளை அடக்குவது போர்னியாலின் வேலை என்பது எண்ணம். எலியில் சரியாக வந்தது. வழக்கம்போல கட்டுரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 2015-லும் 2016-லும் சீனாவில் 48 ஆஸ்பத்திரிகளில், பக்கவாதம் வந்து 48 மணி நேரத்துக்குள் வந்த 1,165 பேரை இரண்டு கூட்டமாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் எடாரவோன். இன்னொன்றுக்கு எடாரவோனும் டெக்ஸ்போர்னியாலும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பதினான்கு நாள் மருந்து, தொண்ணூறாவது நாள் பரிசோதனை.

இந்த அமைப்பைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். இரண்டு கூட்டத்துக்கும் எடாரவோன் பொது. ஆகவே வித்தியாசம் ஏதாவது வந்தால் அதன் பெருமையோ பழியோ அந்தச் செடிப்பொருள் ஒன்றுக்குத்தான். முன்னோர் சொன்னது சரியா தப்பா என்ற கேள்வியை இதைவிட நேர்மையாகக் கேட்க முடியாது. 2021-ல் முடிவு வெளியானது. பெரிய குறை இல்லாமல் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்குத் திரும்பியவர்கள், சேர்த்துக் கொடுத்த கூட்டத்தில் 67.18 சதவீதம், வெறும் எடாரவோன் கூட்டத்தில் 58.97 சதவீதம். அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகத் தேறுகிறார். அற்புதம் என்று கூவ முடியாது. ஆனால் அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்கு, தன் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொள்வது அற்புதம்தான். சீன அரசு 2020-லேயே ஊசிக்கு அனுமதி கொடுத்துவிட்டது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையையும் 914 பேரிடம் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள்: 64.4 சதவீதம், போலி மாத்திரைக்கு 54.7. இதில் எடாரவோனும் சேர்ந்தே போட்டியிட்டதால் போர்னியாலின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரிக்க முடியாது.

சந்தேகம் இல்லாமல் இல்லை. சோதனைகள் எல்லாமே சீனாவுக்குள் நடந்தவை. மருந்தை உருவாக்கியது சிம்சியர் என்ற வியாபார நிறுவனம். இதற்கு முன் என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்தின் கதையும் இருக்கிறது. 2006-ல் வந்த பெரிய சோதனை பலன் உண்டு என்றது. உலகமே கை தட்டியது. 2007-ல் 3,300 பேரைத் தாண்டிய இரண்டாவது சோதனை, ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்தியது. போர்னியாலுக்கும் வேறு நாட்டில், வேறு மக்களிடம் அப்படி ஒரு இரண்டாவது பரீட்சை நடந்தால்தான் முழு மார்க் போட முடியும். இப்போதைக்கு, நல்ல மார்க்கில் அரையாண்டு பாஸ் என்று சொல்லலாம் :-)

செலரி விதையின் கதையும் இதே ஜாதிதான். ஓமம், சீரகம், கொத்தமல்லி எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடி. அதன் விதையிலிருந்து முதலில் பிரித்த பியூட்டில்ப்தலைடு என்ற பொருளைச் சீனா 2002-லேயே மருந்தாக ஒப்புக்கொண்டது. பெரிய சோதனை பிறகுதான் வந்தது. கட்டி கரைக்கும் ஊசியோ, கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையோ பெற்ற 1,216 பேரிடம் நடத்தி 2023-ல் வெளியிட்டார்கள். நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் 56.7 சதவீதம், போலி மருந்தில் 44. மருந்து இப்போது தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. அதில் செலரி வாசனைகூட மிச்சமில்லை. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இதே சீனாவில் எல்லாம் ஜெயித்ததா என்றால், இல்லை. மூளையில் ரத்தக் கசிவு வந்தவர்களுக்குக் கொடுக்கும் ஒரு மூலிகைக் கஷாயத்தை 26 ஆஸ்பத்திரிகளில் 1,641 பேரிடம் சோதித்தார்கள். குவாங்டாங் மாகாணத்துப் பாரம்பரிய மருத்துவமனைக்காரர்களே முன்னின்று நடத்தியது. 2024-ல் லான்செட் இதழில் முடிவு: கஷாயத்துக்கும் போலிக் கஷாயத்துக்கும் வித்தியாசம் இல்லை. அதற்கு முன் சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இலங்கை உள்ளிட்ட நாடுகளில் சுமார் 1,100 பேரிடம் நியூரோ-எய்டு என்ற கலவை சோதிக்கப்பட்டு, மூன்று மாதத்தில் தெளிவான பலன் இல்லை என்று 2013-ல் சொன்னார்கள். தோற்ற சோதனைகளைச் சொல்லிவிட்டதால்தான் ஜெயித்தவற்றைக் கொஞ்சமாவது நம்ப முடிகிறது.

இப்போது மஞ்சளைப் பார்க்கலாம். கொஞ்சம் சங்கடமான இடம் இது. மஞ்சள் என்றாலே இந்தியர்களுக்கு ஒரு சொந்தம். ஆனால் பக்கவாதத்துக்கு மஞ்சள் என்று பேசுகிறவர்களில் இரண்டு கட்சிதான் காணக் கிடைக்கிறது. ஒரு கட்சி, "எல்லாம் முன்னோர் சொல்லிவிட்டார்கள், வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான்" என்கும். இன்னொரு கட்சி, "எல்லாம் டுபாக்கூர்" என்று சிரிக்கும். இரண்டு பேருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சோதித்துப் பார்க்கும் வேலை இருவருக்குமே மிச்சம்.

மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பதே நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரைதான். அதுவும் குடலில் சரியாக ஏறாது. ஏறினதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகின் பைபரினைச் சேர்த்தால் ரத்தத்தில் இருபது மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரில் காட்டினார்கள். நல்ல ஆய்வு, ஆனால் ஒரு கைப்பிடி ஆட்களிடம் செய்தது. ரத்தத்தில் ஏறுவது வேறு, பக்கவாதக்காரரை எழுந்து நடக்க வைப்பது வேறு. 2017-ல் ஒரு வேதியியல் இதழ், குர்குமினை வைத்து நடந்த 120-க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளை அலசி, கண்கட்டி நடத்தின எந்தச் சோதனையிலும் அது வெற்றி பெறவில்லை என்று போட்டு உடைத்தது. ஆய்வுக்கூடத் தட்டுகளில் குர்குமின் பல அளவீடுகளை ஏமாற்றும் பேர்வழி என்பதும் அதில் வந்தது. வல்லாரையும் பெரிய வித்தியாசமில்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய ஞாபகக் குறைவுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஓர் இந்தோனேசிய ஆய்வில் மொத்தம் 48 பேர். குர்குமினுக்கோ வல்லாரைக்கோ, ஆயிரம் பேரைச் சேர்த்த பக்கவாதச் சோதனை ஒன்றுகூட இதுவரை கிடையாது. ஆகவே மஞ்சள் பக்கவாதத்துக்கு உதவாது என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை, உதவும் என்பதற்கும் இல்லை. பரீட்சையே எழுதாத மாணவனை பாஸ் என்றும் ஃபெயில் என்றும் சண்டை போடுகிறார்கள்.

இது வெறும் அறிவியல் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். வாய் ஒரு பக்கம் கோணி, கை தொங்கி, பேச்சு குளறும்போது ஒரு வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பது இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும், ஏனென்றால் அடைப்பா கசிவா என்பதை நாடி பிடித்தோ முகம் பார்த்தோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த நேரத்தில் ஒரு டம்ளர் கஷாயம் என்பது நாட்டு மருந்தா இங்கிலீஷ் மருந்தா என்ற வாதமே இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசைகள் வேலை செய்யாமல் போவது சகஜம். வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும். வெறும் தண்ணீருக்கும் இதே கதிதான். 108-ஐக் கூப்பிடுவதுதான் அந்த நேரத்துக்கான ஒரே வைத்தியம். போர்னியால் செய்தியைப் படித்துவிட்டு யாராவது பச்சைக் கற்பூரத்தைக் கரைத்துக் கொடுத்தால் இன்னும் மோசம். டப்பாவில் இருப்பது கேம்ஃபராக இருந்தால் கொஞ்சம் கூடினாலே வலிப்பு வரும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். டிரிப்ஸில் ஏறும் மருந்துக்கும் கோயில் தீர்த்தத்துக்கும் இருந்த உறவு அறுவது இங்கேதான்.

வீட்டுக்கு வந்தபின்? அப்போதும் யோசனை வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் பெரும்பாலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். மிளகுச் சத்தோடு வரும் குர்குமின் மாத்திரை மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் மாற்றக்கூடும். கல்லீரல் பாதிப்பும் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. பிரச்சினை, சத்தைப் பிழிந்து மாத்திரையாக்கி விற்பதில்.

இந்தியாவில் இந்தப் பரீட்சையை நடத்த முடியாதா? முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு இயங்கும் பக்கவாதச் சோதனைக் கூட்டமைப்பு, 31 ஆஸ்பத்திரிகளில் 4,298 நோயாளிகளைச் சேர்த்து ஒரு பெரிய சோதனையை முடித்து 2023-ல் வெளியிட்டது. மருந்து அல்ல, எஸ்.எம்.எஸ், வீடியோ, கையேடு மூலம் மறுபடி பக்கவாதம் வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். தடுக்க முடியவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். அதே கூட்டமைப்பு பக்கவாதத்துக்குப் பிந்தைய ஆயுர்வேத சிகிச்சையை பிசியோதெரபியோடு ஒப்பிடும் சின்ன சோதனையையும் கையில் எடுத்தது. ஆக ஆள் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, நாலாயிரம் பேரைச் சேர்த்த அனுபவமும் இருக்கிறது. ஆயுஷ் என்று தனி அமைச்சகமே 2014 முதல் இருக்கிறது. அந்தப் பணத்தில் இன்னும் நூறு எலிக் கட்டுரை வாங்குவதற்குப் பதில் ஒரே ஒரு பொருளை எடுக்கலாம். எவ்வளவு சத்து இருக்கிறது என்று ஒவ்வொரு பாட்டிலிலும் அளந்து, மூளைக்குப் போய்ச் சேரும் வடிவத்தில் செய்து, ஊசியும் ஸ்கேனும் முடிந்த நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, குலுக்கிப் பிரித்து, தொண்ணூறாவது நாள் யார் தானாக நடக்கிறார் என்று எண்ணலாம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எதை எண்ணப் போகிறோம் என்று 2007-லிருந்து இயங்கும் தேசியப் பதிவேட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். முடிவு மஞ்சளுக்கு எதிராக வந்தாலும் குவாங்டாங்காரர்கள் மாதிரி அப்படியே அச்சில் போட வேண்டும்.